ஒட்டியாணத்தின் நீலப் புள்ளிகள்

அடியே,

இன்று சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் உன் லைன் வீட்டுப் பக்கம் திரும்பினேனா, முக்கிலேயே அந்த வாசனை வந்து மூஞ்சியில் அறைந்தது. பழைய சாம்பார், ஊறிப்போன பூரி, இலையில் மிஞ்சின சோறு, முட்டைக்கோஸ் தோல் எல்லாம் ஒரே ட்ரம்மில் கொதிக்கிற வாசனை. ஆண்டர்சன்பேட்டை ஓட்டல்களில் இன்று யார் என்ன தின்றார்கள் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். நான் மட்டும் நின்று நெஞ்சு நிறைய இழுத்தேன். ட்ரம் கொதிக்கிறது என்றால் உன் கொட்டிலில் இன்னும் பன்றி இருக்கிறது. உன் வீட்டுக்காரர் தாஸ் அண்ணன் இன்னும் எதையும் விற்றுவிடவில்லை. நான் நேரத்துக்கு வந்துவிட்டேன்!

கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தேன். போனில் ஒரு படம். மத்தியானம் லேபில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உன்னிடம் சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். “மொதல்ல மூச்சு வுடுடி, அப்புறம் பேசு” என்பாயே, அந்த நிலைமைதான். சரி, மூச்சு விட்டுவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன். பாதிக் கதை உனக்கே தெரியும், இருந்தாலும் கேள். இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ சுரங்கத்தில் வேலை பார்த்தவர் மகள், நான் பாத்திரக்கடைக்காரர் மகள். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து நான் படித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது பெங்களூரில் பன்றி ரத்தத்தை ஆராய்கிற ஒரு லேபில். வைரஸ் உள்ளே நுழைந்தால் பன்றியின் ரத்தத்தில் இருக்கிற செல்கள் என்ன செய்கின்றன, எது முதலில் ஓடி வருகிறது, எது அடையாளம் கண்டுபிடிக்கிறது, இதுதான் என் வேலை. வீட்டில் “ஆஸ்பத்திரி லேபு” என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் நீ. நீயோ அதே சமயத்தில் லைன் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டிருந்தாய். “உனுக்கும் பன்னி, எனுக்கும் பன்னி. உனுக்குச் சம்பளம், எனுக்கு நாத்தம்” என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

உன் பெண் பன்றிகளுக்கு நீ வைத்த பெயர்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஜிமிக்கி, வளையல், மூக்குத்தி, அட்டிகை. தங்கம் தோண்டிய ஊரில் பிறந்தும் உன் கழுத்தில் கவரிங்தான். “என் மேல இல்லாத நகையெல்லாம் என் கொட்டில்ல கீது, பாரு” என்று அந்நியர்களிடம்கூடப் பெருமை பேசுவாய். அதிலும் இடுப்பே இல்லாத அந்தக் குண்டுப் பெண்ணுக்கு ஒட்டியாணம் என்று பெயர் வைத்தாயே, அந்தக் குசும்பு வேறு யாருக்கு வரும்! கொட்டிலுக்கே ராணி அவள். நீ குரல் கொடுத்தால் மற்றதுகள் ஓடி வரும். அவள் மட்டும் படுத்த இடத்திலிருந்து ஒரு காதை ஆட்டுவாள்.

அப்போதுதான் பன்றிக் காய்ச்சல் வந்தது, மனிதர்களுக்கு வருகிறது இல்லை, பன்றிகளையே கொல்கிறது. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டிலில் முதலில். காது சிவந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து படுத்து, பின்னங்கால் தடுமாறி, மொத்தமாகப் போயின. உன் கூட்டத்துக்குக் கால்நடை டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வியாபாரி வந்துவிட்டான். வெளியே ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியும், அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள். “இப்ப குடுத்தா காசு, அப்பால குடுத்தா குழி” என்று உன்னிடமே சொன்னான் அந்த ஆள். நீ என்னைக் கூப்பிட்டாய். நீ அழுது நான் கேட்டது அதற்கு முன்னால் இல்லை.

“ஊசி போட்டாச்சே, பலிச்சிதா இல்லையான்னு மட்டும் சொல்லுடி. பலிச்சிருந்தா வச்சிக்கிறேன். இல்லன்னா இன்னிக்கே எல்லாத்தையும் ஏத்தி வுட்டுர்றேன். காலியான கொட்டில்ல நான் இன்னாத்தப் பார்த்துனு ஒக்காருவேன்?”

டாக்டர் அனுப்பி வைத்த ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருள், அதாவது ஆன்டிபாடி, ஒன்றும் தெரியவில்லை என்று பதில் வந்திருந்தது. நீ அதை ஊசி பலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாய். நான் போனிலேயே கத்தினேன். அடியே, எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் மிதந்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அது தாமதமாக வரும் ஆள். அதற்கு முன்னாலேயே வேறு ஒரு கூட்டம் தயாராகிவிடும். டி செல் என்று பெயர். வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்து அடிக்கிற கூட்டம் அது. அந்தச் சோதனையில் அதைப் பார்க்கவே மாட்டார்கள். நான் பார்க்கிறேன். எனக்கு உன் பன்றிகளின் ரத்தம் வேண்டும், இரு, எங்கள் மேடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மேடம் என்றால் எங்கள் லேபின் தலைவி. கொட்டில் ரத்தம் கிடைக்காதா என்று அவரே காத்திருந்தவர், உடனே சரி என்றார்.

டாக்டர் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் ஸ்டேஷனில் ஒரு தெர்மகோல் பெட்டியை என் கையில் திணித்தாய். சுற்றிச் சுற்றி பிரவுன் டேப். என்னா கனம்! உள்ளே என்னடி என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. லேபில் பிரித்தால், மீன் கடை ஐஸ். கழுத்து வரை ஐஸில் புதைத்து வைத்திருந்தாய் குழாய்களை. பெட்டியில் வஞ்சிரம் வாசனை வேறு. எனக்கு வேண்டிய செல்கள் அந்தக் குளிரில் சுருண்டு, வேண்டாத செல்களோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கவே முடியவில்லை. நாள் முழுக்கப் போராடிவிட்டு வெறும் கையோடு திரும்பினேன்.

சாயங்காலம் உன் வீட்டு வாசலில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா?

“ஐஸ் போடச் சொல்லி யாருடி சொன்னது?”

“இத்த யாராச்சும் சொல்லணுமா? கறின்னா ஐஸு, ரத்தம்னா ஐஸு. ஞாயித்துக்கெழமை வறுக்கிறதுக்கு விக்கிற ரத்தத்தையே நான் ஐஸ்ல வச்சிதான் விப்பேன். உங்க லேபுக்குப் போறது, நாறிப்போய்ப் போனா என் மானம் இன்னா ஆவறது?”

“அது செத்த ரத்தம்டி. எனக்கு வேண்டியது உயிரோட இருக்கிற ரத்தம்.”

நீ கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் உட்கார்ந்தாய்.

“கொழாய்க்குள்ள போன பின்னாடியுமா உசுரோட கீது?”

“ஒரு நாள் வரைக்கும் நல்லாவே இருக்கும். கையில வச்சிருக்கிற சூட்டுல இருந்தா போதும்.”

“இன்னா பண்ணினு இருக்கும் அதுங்கோ?”

“தேடிக்கிட்டு இருக்கும்.”

“ஐயோ பாவிங்களா!” என்று தலையில் அடித்துக்கொண்டாய். “தேடிக்கினு இருந்ததுங்கள நான் குளுர்ல போட்டு விறைக்க வச்சிட்டேனே!” அப்புறம் எழுந்துபோய் ஒட்டியாணத்தின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாய். உன் முகத்தில் அழுகை போய் வேறு ஏதோ வந்திருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும், முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்த நாளில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று முதல் நீ வேறு பெண். வியாபாரி போன் செய்தால் “பேடா, போங்க, என் பன்னிங்க ரத்தம் இன்னும் வேலை செஞ்சினு கீது” என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்திலும் மீதியைத் தமிழிலுமாகக் கலந்து துரத்தினாய்.

இரண்டாம் முறை நீ என்னை நம்பவில்லை. “நீ ஜன்னல்ல சாஞ்சி தூங்கிருவே” என்று நீயே கிளம்பி வந்துவிட்டாய். குழாய்களைப் பருத்தித் துண்டில் சுற்றி, எங்கள் கடை டிபன் டப்பாவில் அடுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். காலை வண்டியில் உட்கார இடம் கிடைக்கிறதா என்ன, பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் மூச்சு முட்ட நிற்கும். முதலில் நின்றுகொண்டேதான் வந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பரிவாக, “டிபன் சூடா இருக்கா, எவ்ளோ பத்திரமா வச்சிருக்கே, இன்னாம்மா அது?” என்று கேட்டார். நீ முகத்தை மாற்றாமல், வண்டி முழுக்கக் கேட்கும்படி, “பன்னி ரத்தம்க்கா. ஃப்ரெஷ்ஷு” என்றாய். அடடா! இந்தப் பக்கம் பெஞ்சு, அந்தப் பக்கம் பெஞ்சு, இரண்டும் காலி. இத்தனை வருஷமாக அந்த வண்டியில் போகிறேன், கால் நீட்டி உட்கார்ந்து போனது அந்த ஒரு நாள்தான். நீ டப்பாவை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே வந்தாய். உறையாமல் இருக்க அப்படிச் செய்யச் சொன்னது நான். ஆனால் காதோரம் குனிந்து “வந்துட்டோம், வந்துட்டோம்” என்று அதனிடம் பேசச் சொன்னது யார்?

அன்று செல்களைப் பிரித்துத் தட்டில் இட்டேன். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு. ஒவ்வொரு குழியிலும் செல்களை விட்டு, செயலிழக்கச் செய்த வைரஸைக் கொஞ்சம் காட்ட வேண்டும். “இவனைத் தெரியுமா?” என்று கேட்கிற மாதிரி. தெரிந்த செல் சும்மா இருக்காது, கூப்பாடு போடும். இன்டர்ஃபெரான் என்று ஒரு பொருளைத் தன்னைச் சுற்றிக் கொட்டும். மறுநாள் சாயம் ஏற்றினால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழுந்திருக்கும். ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி. தெரியாத செல் ஒன்றும் செய்யாது, குழி வெள்ளையாகவே இருக்கும்.

மறுநாளும் நீ வந்துவிட்டாய். வீட்டில் உட்கார முடியவில்லை என்றாய். லேபுக்குள் விட மாட்டார்கள். முன்னறையில் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இடது பக்கம் ஊசியே போடாத ஒரு பன்றியின் குழி, துடைத்து வைத்த தட்டு மாதிரி. வலது பக்கம் ஒட்டியாணம்.

“இன்னாடி இது, கொசு எச்சமா?”

“எச்சம் இல்லடி லூசு, உன் ஒட்டியாணம்! ஊசி பலிச்சிடுச்சு! எதிர்ப்புப் பொருள் இன்னும் வரல, ஆனா இவங்க வந்துட்டாங்க, பாரு எத்தனை பேரு!”

நீ கத்திய கத்தில் மேடம் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாய். கொட்டில் வாசனையோடு! அவரும் சிரித்தார். பிறகு அவரே உனக்கு ஒரு சங்கதி சொன்னார். டி செல்லுக்கு வழக்கமாக இரண்டில் ஒரு அடையாளக் குறிதான், சிலதுக்கு மட்டும் இரண்டும் சேர்ந்தே இருக்கும், பழைய எதிரியை ஞாபகம் வைத்திருக்கிற செல்கள் பலதும் அப்படித்தான், மனித ரத்தத்தில் அவை அபூர்வம், பன்றி ரத்தத்தில் ஏராளம் என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்ப என் பொண்ணு உன்னவிட ஒசத்தி” என்றாய். சரிதான், ஒத்துக்கொண்டேன்.

இது கேரண்டி இல்லை, புள்ளி விழுந்ததால் ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுக்க முடியாது என்று திரும்பித் திரும்பிச் சொன்னேன். “கேரண்டி யாருடி கேட்டா, சண்டை போட ஆள் கீதான்னுதான் கேட்டேன்” என்றாய். விற்கவில்லை. கொட்டில் வாசலில் கிருமிநாசினித் தண்ணீர்த் தொட்டி வைத்தாய், யாரையும் உள்ளே விடவில்லை, ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைக்காமல் கொட்டவில்லை. காய்ச்சல் உன் பக்கத்துக் கொட்டில் வரை வந்தது. உன்னுடையதில் ஊசி போடாத இரண்டு சின்னக் குட்டிகள் போயின. ஒட்டியாணம் ஒரு நாள் தீனி எடுக்காமல் படுத்திருந்தாள். நீ அவள் பக்கத்திலேயே கோணி விரித்துப் படுத்துக்கொண்டாய். அடுத்த நாள் காலையில் போன் செய்தாய். போனை அவள் வாயருகே வைத்தாய் போலிருக்கிறது. சளப் சளப்பென்று அவள் தின்கிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அழுதேன், என் அண்ணன் பயந்துவிட்டான்.

அப்புறம் நமக்கே வந்தது. அந்தப் பெருந்தொற்றின் இரண்டாவது அலையில், மே மாதம், ஒரே வாரத்தில், நீ, நான், தாஸ் அண்ணன், மூன்று பேருக்கும். நம் வயதுக்காரர்களுக்கு அப்போதுதான் ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள், நம் முறை வரவில்லை. உனக்குப் படுக்கை கிடைத்தது, ஆக்சிஜன் கிடைத்தது, அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். ஆனால் உன் உடம்புக்கு அந்த வைரஸை முன்பின் தெரியாது. “இவனைத் தெரியுமா” என்று உன் ரத்தத்திடம் யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை. பன்றியின் ரத்தத்தைக் கேட்கத் தெரிந்த நான் காய்ச்சலில் முனகிக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்தபோது நீ இல்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

தாஸ் அண்ணன் கொட்டிலை விடவில்லை, ஆனால் மனசு வைத்தும் பார்க்கவில்லை. குட்டிகளுக்கு டாக்டர் வந்தால் ஊசி உண்டு. ஒட்டியாணத்தை மட்டும், கிழவிக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். உன் காலத்தில் போட்ட அந்த ஒரு ஊசிதான் அவளுக்கு. இப்போது மறுபடி காய்ச்சல் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. மறுபடி வியாபாரி. அண்ணன் அலுத்துப்போய், “இந்த வாரத்துக்குள்ள வந்து எல்லாத்தையும் ஏத்திக்கினு போகச் சொல்லிட்டேம்மா. அவ இல்லாம இத்தோட மல்லுக்கட்ட என்னால ஆவல” என்றார். கடைசியாக ஒரே ஒரு தடவை ரத்தம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். முந்தாநாள் டாக்டர் எடுத்துக் கொடுத்தார். அண்ணன் ஐஸ் வைக்கவில்லை. நீ எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லி அவர் காதைத் தின்றிருப்பாய்!

இன்று மத்தியானம் தட்டை எடுத்தேன். போன வாரம் ஊசி போட்ட குட்டிகளின் குழிகளில் புள்ளிகள் இருந்தன, எதிர்பார்த்ததுதான். ஒட்டியாணத்தின் குழியைக் கடைசியில்தான் பார்த்தேன். அங்கே ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன், இத்தனை வருஷம் ஆகிவிட்டதே.

அடியே, நீலம்! குழி நிறைய நீலம்! மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். நான் அங்கேயே குதித்தேன், இந்த வயதில், லேப் கோட்டோடு.

அந்தப் படத்தோடுதான் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். அண்ணன் கொட்டில் சுவரோரம் நின்றிருந்தார். போனை அவர் கண்ணுக்கு நேரே நீட்டி மூச்சுவிடாமல் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஒரே ஒரு ஊசி. அவ கையால புடிச்சினு போட வச்சது. இத்தினி வருஷம் கழிச்சி, இது இன்னும் அத்த மறக்கலியாம்மா?”

“மறக்கல அண்ணா.”

அவர் தன் போனை எடுத்து வியாபாரியைக் கூப்பிட்டார். “வராதேப்பா. குடுக்கல. இல்ல, வெலைக்குச் சொல்லல, குடுக்கல அவ்ளோதான்” என்று வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒட்டியாணம் படுத்த இடத்திலிருந்து காதை ஆட்டினாள். கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது அண்ணன் கேட்டார்:

“அந்த மே மாசம் நமக்கும் வந்துதேம்மா. நம்ம ரத்தத்துலயும் இந்த மாதிரி இருக்குமா?”

நாள் முழுக்கப் பன்றி ரத்தத்தைப் பற்றியே பேசுகிறவள் நான். என் ரத்தத்தைப் பற்றி அப்படி ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை.

“இருக்கும் அண்ணா. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும்.”

“அவள இட்டுனு போச்சே, அதத் தேடிக்கினா?”

“ஆமாண்ணா. அதைத்தான்.”

அண்ணன் தன் இடது கையைத் திருப்பி, முழங்கை மடிப்பில் ஓடுகிற நரம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தேடட்டும்” என்றார். “நல்லாத் தேடட்டும்.”

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி உட்கார்ந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நானும் என் கையைப் பார்த்துக்கொள்கிறேன். உன்னை ஜெயித்தவனின் முகம் தெரிந்த சில பேர் இதற்குள் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், அடியே. நான் உன்னை மறந்து கடைத்தெருவில் கத்தரிக்காய் பேரம் பேசுகிற நேரத்திலும் அவர்கள் நிற்பதில்லை.